கலர் டியூபுக்கு யார் காசு தருவது?

போன மாதம் ஒரு ராத்திரி அக்கா மகள் போன் போட்டாள். "சித்தி, எனக்குக் கிடைக்காதாம். அப்பாவும் வேலை பாக்குறாரு, அம்மாவும் வேலை பாக்குறாங்க, அதனால விண்ணப்பமே போட வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க." கல்வி உதவித்தொகையைப் பற்றித்தான் பேச்சு. அவள் நுண்கலை டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. விண்ணப்பத் தேதி முடிய இன்னும் எட்டே நாள்தான் இருந்தது.

மறுநாள் சாயந்திரம் அவர்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கல்மேசையில் உட்கார்ந்தோம். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். நாலு பேர் என்றாள். தாத்தா பாட்டி எங்கே இருக்கிறார்கள்? இங்கேதான், அடையாள அட்டையிலும் இதே முகவரிதான். அப்போ ஆறு பேர். அப்பா அம்மா சம்பளம் இரண்டையும் கூட்டினால் 5,700 வெள்ளி, ஆறால் வகுத்தால் தலைக்கு 950 வெள்ளி. கல்வி அமைச்சின் உதவித்தொகைக்குப் பார்ப்பது இந்தத் தலா வருமானத்தைத்தான். குடும்பத்தின் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துப் பயந்து, எத்தனையோ வீடுகளில் படிவத்தைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். கூடவே இருக்கும் தாத்தா பாட்டியைக் கணக்கில் சேர்க்க மறந்துபோவதை மட்டும் இதுவரை நாலைந்து வீட்டிலாவது பார்த்துவிட்டேன். வரம்பு அவ்வப்போது மாறும், சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான் கிடைக்கும், அதெல்லாம் சரி. ஆனால் 950 எங்கே, வரம்பு எங்கே! அன்று ராத்திரியே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் ஓவியம் படித்தவள்தான். பதினெட்டு வயதில் நம்மவர்கள் நடத்தும் ஓர் அமைப்பிடம் படிப்பு உதவி கேட்டுப் போயிருந்தேன். படிவத்தில் கணிதம், அறிவியல், மொழி என்று மதிப்பெண்களுக்குக் கட்டங்கள் இருந்தன. நான் எடுத்துப்போனது பெரிய கறுப்புக் கோப்பு ஒன்று, உள்ளே பதினான்கு படங்கள். நேர்முகத்தில் இருந்த மூவரும் அன்பாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது நிமிடமும் அந்தக் கோப்பு மேசைமேல் மூடியே கிடந்தது, ஒருவர் தேத்தண்ணீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது மூடியில் வட்டமாக ஒரு கறை. அந்தக் கோப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, கறையும் அப்படியே இருக்கிறது. உதவி கிடைக்காமல் போனதைவிட, ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லையே என்பதுதான் அன்றைக்கு அப்படி வலித்தது.

கலைப் பள்ளிகள் நமக்குத் தூரத்து இடங்களும் கிடையாது. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால் பத்து நிமிடத்தில் மெக்நேலி ஸ்திரீட், அங்கேதான் லாசால் கலைக் கல்லூரி. 1984ல் பிரதர் ஜோசஃப் மெக்நேலி என்ற அயர்லாந்துக்காரச் சிற்பி தொடங்கியது. இன்னும் கொஞ்சம் நடந்தால் பென்கூலன் ஸ்திரீட்டில் நன்யாங் நுண்கலைக் கழகம், 1938ல் லிம் ஹாக் தாய் தொடங்கியது, சுதந்திரத்துக்கும் போருக்கும் முந்தைய பள்ளி. இரண்டும் சேர்ந்துதான் இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம், முதல் மாணவர்கள் 2024ல் சேர்ந்தார்கள். இந்த ஊரிலேயே கலைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, பட்டமும் அதன் பெயரிலேயே வருகிறது. "படம் வரையுற படிப்புக்கு யாரு உதவி கொடுப்பா" என்ற பழைய பேச்சு மட்டும் நம் வீடுகளில் இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டணத்துக்கு வழி இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாள்களில் அரசாங்கம் பணம் போட்டுவைக்கும் எடுசேவ் கணக்கில் மிச்சமிருந்த பணம் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கையின் கணக்கிலிருந்தும் எடுத்துக் கட்டலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அரசாங்க மானியம் உள்ள முழுநேரப் படிப்பு என்றால் அப்பா அம்மாவின் மத்திய சேமநிதியிலிருந்தும் கட்டலாம், ஆனால் அது கடன், படித்து முடித்து ஓராண்டு கழித்து வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். உதவித்தொகை என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை, அதனால்தான் அதை முதலில் கேளுங்கள் என்கிறேன். பீட்டி ரோட்டில் இருக்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் நேரில் போய்க் கேளுங்கள். அவர்கள் ஆண்டுதோறும் தரும் சிறப்பு விருதுகளில் படிப்போடு விளையாட்டு, கலை இரண்டுக்கும் இடம் உண்டு.

இதுவரை சொன்னது கட்டணம் மட்டும்தான். கலைப் படிப்பில் பிள்ளைகளை உண்மையாகவே இறுக்குவது வேறு ஒன்று.

ஓர் எண்ணெய் வண்ண டியூபைக் கையில் எடுத்துப் பாருங்கள். 37 மில்லி, பல் தேய்க்கும் பேஸ்ட்டில் பாதிகூட இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஆனால் டியூபில் சீரீஸ் என்று ஓர் எண் போட்டிருக்கும், அந்த எண் ஏற ஏற விலையும் ஏறும். மண் நிறங்கள் மலிவு. கேட்மியம் சிவப்பு, கோபால்ட் நீலம் போன்றவை மூலப்பொருளே விலை கூடியவை, அதனால் அவை பல மடங்கு. காசில்லாத மாணவர்கள் பெயரோடு 'ஹியூ' என்று போட்டிருக்கும் டியூபை வாங்குவார்கள். ஹியூ என்றால் அந்த நிறம் மாதிரி, அந்த மூலப்பொருள் கிடையாது. தனியாகப் பூசினால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, வேறு நிறத்தோடு கலக்கும்போதுதான் மங்கிச் சேறாகும். அப்போது ஆசிரியர் வந்து "உன் கலவையில் தெளிவு இல்லை" என்பார், அந்தப் பிள்ளையும் தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். நான் அப்படி ஒன்றரை ஆண்டு நினைத்திருக்கிறேன். பிறகு பக்கத்தில் இருந்த தோழி அவளுடைய டியூபிலிருந்து ஒரு சொட்டு கொடுத்தாள், அந்த ஒரு சொட்டில் பாட்டியின் கூறைச்சேலைச் சிவப்பு அப்படியே வந்து உட்கார்ந்தது. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடையில் அந்த அலமாரிக்கு முன்னால் நின்று, கையிலிருக்கும் இரண்டு டியூபில் எதைத் திரும்ப வைப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளை இன்றைக்கும் பார்க்கிறேன்.

டியூபோடு முடிவதும் இல்லை. கேன்வாஸ், சட்டம், அச்சுச் செலவு, இறுதியாண்டுக் கண்காட்சிக்கு வேலையைக் கொண்டுபோக ஒரு லாரி. புகைப்படமோ அசைபடமோ படிப்பவர்களுக்கு மடிக்கணினி, மென்பொருள் வாடகை. இதற்கெல்லாம் கல்விக் கட்டணக் கடன் கிடைக்காது. பிள்ளைகள் காப்பிக்கடையிலும் பேரங்காடியிலும் ஷிப்ட் வேலை பார்த்து ஈடுகட்டுகிறார்கள், வரைய வேண்டிய நேரம் அங்கே போய்விடுகிறது. அதனால் என் எண்ணத்தில், ஒரு மாணவனுக்குப் படிக்கும்போது கையில் வரும் ஐந்நூறு வெள்ளி, முப்பது வயதில் வரும் பெரிய விருதைவிட மதிப்பு கூடியது.

பெரிய விருதுகளைக் குறைத்துச் சொல்லவில்லை. யூஓபி வங்கியின் ஆண்டுச் சிறந்த ஓவியப் போட்டி 1982ல் தொடங்கியது, முதல் ஆண்டு வென்றவர் கோ பெங் குவான். மாணவர்களும் துணிந்து அனுப்பலாம், வளரும் கலைஞர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தேசிய கலைகள் மன்றத்தின் இளம் கலைஞர் விருது 1992லிருந்து தரப்படுகிறது, முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. கலாசாரப் பதக்கம் 1979லிருந்து. இந்தப் பெயர்கள்தான் பிள்ளைகளுக்குத் தெரிகின்றன, ஏனென்றால் செய்தித்தாளில் படத்தோடு வருபவை இவை. பள்ளிக்குள்ளேயே, துறை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலோ மாணவர் மின்னஞ்சலிலோ வரும் சின்னச் சின்ன நன்கொடை விருதுகள் கண்ணில் படாமலே போகின்றன. நன்கொடையாளர் ஒருவர் பெயரில் இருக்கும், ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ தருவார்கள். போட்டியும் குறைவு.

அப்படிப் பெயரில் வாழ்பவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜார்ஜெட் சென். 1954லிருந்து 1980 வரை நன்யாங்கில் சொல்லிக்கொடுத்தவர். நேஷனல் கேலரிக்குப் போனால் அவர் வரைந்த ரம்புத்தான் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், நம் ஊர்ச் சந்தை வெளிச்சம் அதில் இருக்கிறது. 1993ல் அவர் காலமான பிறகு, அவர் விட்டுச்சென்றதிலிருந்து கலை மாணவர்களுக்கு அவர் பெயரில் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார்கள். பிள்ளைகள் இல்லாத ஓர் ஆசிரியையின் சொத்தில் ஒரு பங்கு யாரோ ஒரு பிள்ளையின் படிப்புக்குப் போயிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நீர்வண்ண ஓவியரான டாக்டர் வின்ஸ்டன் ஓ பெயரில் மாணவர்களுக்குப் பயண விருது ஒன்று இருக்கிறது. பயண விருது என்ற வகையே அருமையானது. எனக்கும் இரண்டாம் ஆண்டில் ஒரு பயண விருது கிடைத்தது, வேறொரு நன்கொடையாளர் கொடுத்தது, 1,500 வெள்ளி. கூடப் படித்தவர்கள் ஜப்பான் போனார்கள், நான் கும்பகோணம் பக்கம் போனேன். அங்கே கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்களில் கோயிலுக்குத் துணியில் வரைவார்கள், கலம்காரி வேலை. தேரில் உருளை உருளையாகத் தொங்குமே தொம்பை, அதெல்லாம் அவர்கள் கைவேலைதான்.

ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். மூங்கில் குச்சியைச் சீவி, முனைக்கு மேலே துணியைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுவார். அந்தத் துணி உருண்டைதான் மையை வைத்திருக்கும், இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் முனைக்கு மை இறங்கும். கறுப்பு மை கடையில் வாங்குவது கிடையாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைத்து வடிகட்டுவது. அந்தப் பானையைத் திறந்தால் வரும் வாடை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. "அவசரப்பட்டா கோடு ஊறிப்போயிடும் தாயி, துணி மை குடிக்கிற வரைக்கும் நீ காத்துக்கணும்" என்றார். திரும்பி வந்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தொங்கவிடுகிற மாதிரி ஏழு தொம்பை செய்தேன், ஒவ்வொன்றிலும் எங்கள் புளோக்கின் ஒரு மாடி. அதுதான் என் இறுதியாண்டு வேலை. அந்த 1,500 வெள்ளி இல்லையென்றால் இந்த வேலையும் இல்லை, இன்றைக்கு நான் செய்துகொண்டிருப்பதும் இல்லை.

விண்ணப்பம் போடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது படம் எடுப்பதைப் பற்றி. தேர்வுக்குழு முதலில் பார்ப்பது உங்கள் ஓவியத்தின் புகைப்படத்தைத்தான். அறை விளக்கில் எடுத்தால் வெள்ளை மஞ்சளாகும், பிளாஷ் போட்டால் எண்ணெய் வண்ணம் பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும். காலை பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில், நேர் வெயில் படாத சுவரில் சாத்தி வையுங்கள். கைப்பேசியைப் படத்தின் நடுவுயரத்துக்கு நேராகப் பிடியுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் பண்ணுங்கள், அப்போதுதான் ஓரங்கள் வளையாது. சுவரும் செருப்பு அலமாரியும் தெரிந்தால் வெட்டிவிடுங்கள். கீழே தலைப்பு, ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, ஆண்டு. அளவு போட மறந்தவர்களின் இரண்டு மீட்டர்ப் படமும் அஞ்சல்தலை அளவுப் படமும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும்.

அப்புறம் அந்த இருநூறு முந்நூறு சொல் விளக்கம். "சிறுவயது முதலே எனக்கு ஓவியத்தில் ஆர்வம் உண்டு" என்று தொடங்கினால் அடுத்த வரியைப் படிக்கக் கண் போகாது, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பிறகு ஒரு விருதுக்காக அக்கா மகள் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. இப்போ என்ன வரைந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது போட்ட பூட்ஸை வரைகிறாளாம், அதில் இடது கால் மட்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறதாம், ஏன் என்று தாத்தாவிடம் கேட்டதில் ஒரு பழைய விபத்துக் கதை வந்ததாம். இதையல்லவா எழுத வேண்டும்! எழுதினாள். பணம் எதற்கு என்ற இடத்திலும் "கலைப் பொருள்கள் வாங்க" என்று மொட்டையாகப் போடாமல், எத்தனை கேன்வாஸ், என்ன அளவு, என்ன விலை என்று கடைக்குப் போய் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரை மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுங்கள், கூடவே உங்கள் படங்களையும் விளக்கத்தையும் அனுப்பிவையுங்கள், அப்போதுதான் அவரால் உருப்படியாக எழுத முடியும்.

விதிமுறைகளில் இருக்கும் பொடி எழுத்தையும் படித்தாக வேண்டும். சில போட்டிகளில் பரிசுப் பணம் என்பது வாங்கும் விலைதான், வென்ற படம் அவர்களுக்கே சொந்தமாகிவிடும். அது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு வைத்திருக்கும் ஒரே படத்தை அனுப்பிவிட்டுப் பிறகு தவிக்கக் கூடாது. சில இடங்களில் வெல்லாத படைப்புகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விதி இருக்கும், வடிவமைப்பு மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரிய உபகாரச் சம்பளங்கள் பலவும் பாண்டோடு வரும். படித்து முடித்து இத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும், முறித்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு வீட்டில் பெரியவர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அது நல்ல வழிதான். அதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

நம் சமூகத்துக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. பரதத்துக்கும் பாட்டுக்கும் இந்த ஊரில் நாம் செய்திருப்பது கொஞ்சநஞ்சம் கிடையாது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமான சிஃபாஸ் 1949லிருந்து இருக்கிறது, பாஸ்கர் கலைக்கழகம் 1952லிருந்து, அப்சராஸ் 1977லிருந்து. சலங்கை பூஜைக்கு மண்டபம் நிறைகிறது, பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அதே வீட்டில் இன்னொரு பிள்ளை மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தால் அதற்கு ஒரு மேடை வேண்டாமா? 1988ல் கோத்தே நிலையத்தில் "திரிமூர்த்தி" என்று கண்காட்சி வைத்த மூவரும் நன்யாங்கில் படித்தவர்கள், சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார், ஓர் இந்தியர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர். சிங்கப்பூர்க் கலை வரலாற்றை எழுதுபவர்கள் அதைச் சொல்லாமல் தாண்டிப் போவதில்லை. சாங்கி மூன்றாம் முனையத்தில் பெரிய சிவப்புச் சாகா விதையைப் பார்த்திருப்பீர்கள், தேசிய அரும்பொருளகத்தில் ராட்சத மிளகாயையும் பார்த்திருப்பீர்கள், இரண்டும் குமாரி நாகப்பன் செய்தவை. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்திருப்போம், செய்தது யார் என்று கேட்டிருக்க மாட்டோம்.

நம்முடைய சங்கங்களும் கோயில்களும் ஆண்டுதோறும் எத்தனையோ கல்வி விருது கொடுக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றை, ஐந்நூறு வெள்ளியானாலும் சரி, ஓவியமோ சிற்பமோ வடிவமைப்போ படிக்கும் பிள்ளைக்கு என்று ஒதுக்கிவையுங்கள். நேர்முகத்துக்கு ஓவியம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். கோப்பைத் திறந்து பாருங்கள்.

இதைச் சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று மூன்று ஆண்டுக்கு முன் நானும் இரண்டு தோழிகளும் மாதம் ஆளுக்கு இருபது வெள்ளி போட ஆரம்பித்தோம். ஆண்டுக்கு 720 வெள்ளி. அதற்குப் பெயர் கிடையாது, மேடை கிடையாது. தெரிந்த ஆசிரியர்களிடம் சொல்லிவைத்து ஒரு மாணவரைத் தேர்ந்தெடுப்போம். பணமாகக் கொடுப்பதில்லை, அவரோடு கடைக்குப் போய் வேண்டியதை எடுக்கச் சொல்லுவோம். முதல் ஆண்டு வந்த பையன் அரைமணி நேரம் மலிவான டியூபாகவே எடுத்துக்கொண்டிருந்தான், நான்தான் கூடையிலிருந்த ஹியூவை எல்லாம் எடுத்துத் திரும்ப வைத்தேன். எங்கள் பக்கம் ஒரே ஒரு நிபந்தனைதான், ஆண்டு முடிவில் காலி டியூபுகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

போன டிசம்பரில் அந்த ஆண்டுப் பெண் தேக்கா சாப்பாட்டுக்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். மேசையில் கொட்டினாள். இருபத்திரண்டு டியூப். வால் பக்கத்திலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிழிந்து, சிலவற்றைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்து எடுத்திருந்தாள். கேட்மியம் சிவப்பு டியூபின் உட்பக்கம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. "இதுல ஒண்ணும் மிச்சமில்லக்கா" என்றாள்.